மதுரைக்குக் கண் பார்க்கப் போனவர்

மைதீன் பாட்சா பொய் சொல்லமாட்டார் என்பது சங்கரன்கோவிலில் அவருடைய தெரு முழுக்க அறிந்த சங்கதி. அதனால் மதுரையிலிருந்து திரும்பிய அன்று அவர் மனைவியிடம் சொல்லிக்கொடுத்ததையும் பொய் என்று சொல்லிவிட முடியாது. "யாரு கேட்டாலும், மதுரையில கண்ணு வச்சுப் பாத்தாங்கன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத" என்றார். கண் வைத்துத்தான் பார்த்தார்கள். யாருடைய கண், எந்த இடத்தில் வைத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மூன்று மாதமாக அவருக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று தானே தீர்ப்புச் சொல்லி, ஒரு மாதம் கருணைக்கிழங்காகத் தின்று தீர்த்தார். நிற்கவில்லை. உள்ளூர் டாக்டர், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்று மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எண்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மாதம் அது. குழாய் வாய் வழியாகப் போகும் என்று நினைத்துக்கொண்டுதான் மனிதர் பஸ் ஏறினார்.

போனபிறகுதான் வழி வேறு என்று தெரிந்தது. முதல் நாள் பூராவும் பேதி மருந்தைக் கொடுத்துக் குடலைக் கழுவினார்கள். மறுநாள் காலையில் பின்பக்கம் திறந்து கிடந்த ஒரு பச்சைச் சட்டையை மாட்டி, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்க்கச் சொன்னார்கள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் மனைவி மைமூனம்மாள்கூட வெளிச்சத்தில் பார்த்திராத இடம். கறுப்புக் குழாயின் ஒரு முனை உள்ளே போனது. மறு முனையில் அவர் மகன் வயசிருக்கும் டாக்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போயிருந்தாலும் தேவலை. பக்கத்தில் நின்ற படிக்கிற பையன்கள் இரண்டு பேரையும் ஒரு பெண்பிள்ளையையும் கூப்பிட்டு, "நீங்களும் பாருங்க" என்றார். அந்தப் பெண் ரொம்ப நேரம் பார்த்தாள். மைதீன் பாட்சா சுவரில் இருந்த சுண்ணாம்புப் பொருக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"சின்னதா ஒரு சதை வளர்ந்திருந்துச்சு, வெட்டி எடுத்தாச்சு. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லை" என்று டாக்டர் சொன்னார். "உள்ளே காத்தடிச்சுத்தான் பார்த்திருக்கோம். ரெண்டு மூணு நாளைக்கு அது போய்க்கிட்டே இருக்கும். அடக்காதீங்க. வீட்டிலேயே ஓய்வா இருங்க."

உயிருக்கு ஆபத்தில்லை என்ற சந்தோஷம் பஸ்ஸில் ஏறி உட்காரும் வரைக்கும்தான் இருந்தது. ஜன்னல் ஓரத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு, பஸ் இரைகிற மேட்டிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு வந்தார். ராஜபாளையத்தில் எல்லாரும் டீ குடிக்க இறங்க, இவர் பஸ்ஸுக்குப் பின்னால் போய் இருட்டில் நின்றார். கூட வந்த மைமூனம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் ஊர் வந்து சேரும்வரை அவளோடு பேசவில்லை.

வேறொருவருக்கு இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். மைதீன் பாட்சாவுக்கு அப்படி இல்லை. தொழுகைக்கு நிற்குமுன் கை, வாய், முகம், கால் என்று வரிசையாகக் கழுவிச் செய்துகொள்ளும் சுத்தத்துக்கு ஒளு என்று பேர். காற்றுப் பிரிந்தால் ஒளு முறிந்துபோகும். மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அந்த ஒளுவில் அவர் எமகாதகர். பள்ளிவாசலில் ஒளு செய்யும் ஹவுல் தொட்டியில் யாராவது முழங்கையை நனைக்காமல் விட்டால், பத்தடி தள்ளி நின்றாலும் அவருக்குத் தெரிந்துவிடும். எல்லார் முன்னாலும் சொல்லியும் காட்டுவார். வழக்கமாகத் தொழவைக்கும் இமாமான ஹஜ்ரத் ஊருக்குப் போகிற நாட்களில் முன்னே நின்று தொழவைக்கிறவரும் அவர்தான். இருபது வருஷமாக அப்படித்தான். அந்த மனிதருக்கு நேற்றிலிருந்து ஓர் ஒளு கால் மணி நேரம் நிற்கவில்லை. ஒவ்வொரு தொழுகைக்கும் மூன்று தடவை, நான்கு தடவை தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தார். தனியாக உள்ளறையில் அவசர அவசரமாகத் தொழுதார்.

வீட்டுக்கு இருபுறமும் தறி ஓடியது அவருக்கு அல்லாஹ் செய்த உதவி. விசைத்தறி ஓடுகிற வீட்டுக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவர் கட்டிலில் படுத்திருந்தார். ஆனால் மனைவிக்குக் கேட்காமல் இருந்தாலும் தெரியாமல் இல்லை.

"டாக்டரு அடக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு. எதுக்கு இப்படி வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கிய?" என்றாள், கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு.

"மெல்லப் பேசு."

"கண்ணுன்னு சொல்லிட்டிய. எந்தக் கண்ணுன்னு எவனாவது கேட்டா என்ன சொல்லுவிய?"

மறுநாள் காலையில் அப்படியே கேட்டார் கோமதிநாயகம். நூல் கடைக்காரர், பழைய சிநேகிதர். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "எந்தக் கண்ணு பாய்?" என்பதுதான். மைதீன் பாட்சா கொஞ்சம் திணறி, "ரெண்டும்" என்றார். அவர் விடவில்லை. பையிலிருந்த தினசரியை எடுத்து விரித்து, "இந்தப் பொடி எழுத்தப் படிங்க, பாப்போம்" என்றார். மைதீன் பாட்சா கடகடவென்று படித்தார். அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. "பேஷாத் தெரியுதே, நல்ல டாக்டருதான் போல. விலாசம் குடுங்க, நம்ம அக்காவைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் கோமதிநாயகம். மைமூனம்மாள் அடுப்படிக்குள் ஓடிப்போனாள். மைதீன் பாட்சாவுக்கு ஒரு வார்த்தையை வளைத்துச் சொன்னதற்கு இத்தனை பாடா என்று அப்போதுதான் பயம் வந்தது.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மழைக்குக் கொஞ்சம் முன்னால் தெருக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து விசாரிக்க வந்திருந்தார்கள். முன்னால் வந்தவர் ஆதம். யாரைப் பற்றியாவது நாலு வார்த்தை பேசிச் சிரிக்கவைக்காமல் அவரால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. கடைசியாக வந்து, வாசல்படி ஓரமாக உட்கார்ந்தவன் கபீர். பக்கத்துத் தறிக்கூடத்தில் தறி ஓட்டுகிறவன். மைமூனம்மாளுக்குத் தூரத்து உறவில் அண்ணன் மகன்.

கபீரைப் பார்த்ததும் மைதீன் பாட்சாவுக்கு முகம் சரியில்லாமல் போனது. காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தி நோன்பு மாதத்தில், நோன்புக் கஞ்சியை வயிறு முட்டக் குடித்துவிட்டு எல்லாரும் இரவுத் தொழுகையில் நிற்கும்போது, வரிசைக்குள் ஒரு சத்தம் கேட்டது. முன்னே நின்று தொழவைத்துக்கொண்டிருந்தவர் மைதீன் பாட்சா. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் திரும்பி உட்கார்ந்து, "ஒளு முறிஞ்சவங்க எந்திரிச்சுப் போகணும். அல்லாஹ்வுக்கு முன்னால மனுசனுக்கு என்ன வெக்கம்?" என்றார். சொன்னதோடு விடாமல் கபீரையே பார்த்தார். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. கபீர் எழுந்து போனான். அன்றைக்குப் பிடித்த பட்டப்பெயர் 'பட்டாசு'. மதரசாவில் நாலு வருஷம் ஓதியவன், முன்வரிசையில் நிற்கிறவன், அதற்குப்பின் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் நிற்க ஆரம்பித்தான். அவனையும் ஒருநாள் முன்னே நிற்கவைக்கலாமே என்று ஹஜ்ரத் ஒரு தடவை கேட்டபோது, "அவனுக்கு ஒளு நிக்காது ஹஜ்ரத்" என்று மைதீன் பாட்சா சிரித்தார்.

இப்போது மழை கொட்டியது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அந்தி நேரத்து மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

"பள்ளிக்குப் போக முடியாது. இங்கனயே ஜமாஅத்தா சேந்து தொழுதிருவோம்" என்றார் ஆதம். "வீட்டுக்காரரு இருக்காரு, முன்ன நிக்கதுக்கு ஆளத் தேட வேண்டாம்."

ஒருவர் வீட்டில் தொழுதால் அந்த வீட்டுக்காரர்தான் முன்னால் நிற்க வேண்டும், அவராகப் பார்த்து இன்னொருவரை நிறுத்தினால் ஒழிய. மைதீன் பாட்சா, "எனக்கு ஒடம்பு..." என்று ஆரம்பித்தார்.

"கண்ணுலதான கோளாறு. ஓதுறதுக்குக் கண்ணு எதுக்குண்ணே? உங்களுக்கு மனப்பாடம்லா" என்றார் ஆதம்.

திரைக்குப் பின்னாலிருந்து மைமூனம்மாள் கை கொடுக்கப் பார்த்தாள். "அவங்களுக்குக் குனிஞ்சா கண்ணு வலிக்கும். வேற யாராவது நிக்கட்டும்."

"அப்ப நம்ம கபீரு நிக்கட்டுமா? அவன்தான் ஓதுனவன்" என்றார் இன்னொருவர்.

மைதீன் பாட்சா 'ஆகட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அந்த வார்த்தை அவருக்கு வரவில்லை. தன் வீட்டில், தனக்கு முன்னால், கபீர் நிற்பதா? "வேண்டாம், நானே நிக்குதேன்" என்றார். கொல்லைக்குப் போனார், வயிற்றைக் காலிசெய்தார், ஒளு செய்தார், வந்து நின்றார். நின்று ஓதி, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுவது ஒரு ரக்அத். மஹ்ரிபுக்கு மூன்று ரக்அத். ஐந்து நிமிஷம். பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. சமாளித்துவிடலாம் என்று நினைத்தார். இதை அல்லாஹ்வை ஏமாற்றும் காரியமாக அவர் அப்போது எண்ணிப் பார்க்கவேயில்லை. அந்த ஐந்து பேரை ஏமாற்றவேண்டும் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

முதல் ரக்அத் நல்லபடியாகப் போனது. இரண்டாவதில் வயிறு இரையத் தொடங்கியது. ஓதுவதைச் சுருக்கிக்கொண்டார். நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதில் குனிந்த நேரம் கரண்ட் போனது.

தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. இருபது தறியின் சத்தம் அடங்கினால் அந்தத் தெருவில் எவ்வளவு அமைதி வரும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். மழைகூட அந்த நிமிஷத்தில் சற்று ஓய்ந்தாற்போல் இருந்தது. அந்த அமைதியில், எல்லாரும் நெற்றியைத் தரையில் பதித்திருக்க, மைதீன் பாட்சாவிடமிருந்து காற்று சத்தமாகப் பிரிந்தது.

சட்டம் அவருக்குத் தெரியாததல்ல. இப்படி ஆனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு விலகிவிட வேண்டும். சில்லுமூக்கு உடைந்து ரத்தம் வருகிறது என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள், போகிறவன் மானம் தப்பும். முன்னால் நிற்பவராக இருந்தால் பின்னால் நிற்கிற ஒருவரைக் கையைப் பிடித்துத் தன் இடத்தில் இழுத்து நிறுத்திவிட்டுப் போகலாம். இத்தனை இரக்கமான வழி இருந்தது. ஆனால் ஐந்து பேர் நின்ற அந்த ஒரே வரிசையில் அவருக்கு நேர் பின்னால் நின்றவன் கபீர். எழுந்து அவன் கையைப் பிடித்து இழுக்க அவரால் ஆகவில்லை.

'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்லி எழுந்து இருப்பில் உட்கார்ந்தார். அப்போது பின்னால் ஒருவர் எழுந்திருக்கும் அரவம் கேட்டது. பக்கவாட்டில் இருந்த வாசலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அதில், மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கபீர் வெளியே மழைக்குள் இறங்கிப் போவது எல்லாருக்கும் தெரிந்தது.

அவன் ஏன் போகிறான் என்று மைதீன் பாட்சாவுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. முன்னே நிற்கும் இமாமுக்கு ஒளு முறிந்தது தெரிந்தபிறகு அவர் பின்னால் தொழுதால் அந்தத் தொழுகை கூடாது. அதனால் அவன் விலகித்தான் ஆகவேண்டும். விலகுகிறவன் அவரைக் காட்டிக்கொடுக்காமல் விலகுவதற்கு இருந்த ஒரே வழியைத்தான் செய்தான். இப்போதாவது அவர் எழுந்திருக்கலாம். எழுந்தார், மூன்றாவது ரக்அத்துக்கு. ஒளு இல்லாமல் நின்றார், ஒளு இல்லாமல் குனிந்தார், நாலு பேரையும் சேர்த்துக் குனியவைத்தார். சலாம் கொடுத்து முடித்துத் திரும்பி உட்கார்ந்தபோது அவருக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மைமூனம்மாள் அரிக்கேன் விளக்கை ஏற்றித் திரைக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

ஆதம் அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவிழ்த்துவிட்டார். "மூணு வருசமாச்சு, இன்னும் பட்டாசு நமுத்துப்போகலயே."

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். வெளியே தொட்டியடியில் கபீர் மழையில் நனைந்துகொண்டே கால் கழுவும் சத்தம் கேட்டது. அவனுக்கும் சிரிப்பு கேட்டிருக்கும். கடைசியாகக் கேட்கும் வேண்டுதலான துஆவுக்காக எல்லாரும் மைதீன் பாட்சாவைப் பார்த்துக் கையேந்தினார்கள். அவரும் கையைத் தூக்கினார். அரபு வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. கையைக் கீழே இறக்கினார்.

"சிரிக்காத ஆதம். ஒளு முறிஞ்சது அவனுக்கு இல்ல, எனக்கு."

ஆதமுடைய சிரிப்பு நின்றது. கண்ணில் ஒரு மரியாதை வந்தது. "உங்களுக்குப் பெரிய மனசுண்ணே. அவன் மானத்தக் காப்பாத்தணும்னு உங்க மேல போட்டுக்கிடுதிய. அன்னைக்கு அவனச் சொல்லிட்டோமேன்னு வருத்தம் போல."

"நெசமாத்தான் சொல்லுதேன்."

"சரிண்ணே, சரி. நாங்களும் ஒண்ணும் பேசல" என்று மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். அவர்களும் தலையாட்டினார்கள். ஆயுசில் பொய் சொல்லாதவர் என்று பேரெடுத்தவர் சொல்லும் உண்மையை நம்ப அங்கே ஆளில்லை. அவர் பேர் இன்னும் ஒரு பிடி உயர்ந்திருந்தது. அதைவிட அவமானம் அவருக்கு மதுரையில்கூட நேரவில்லை.

கபீர் ஈரத்தோடு வாசலில் வந்து நின்றான்.

"மதுரையில எனக்குப் பாத்தது கண்ணை இல்ல" என்றார் மைதீன் பாட்சா. "பின்னால குழாய் விட்டுக் குடலப் பாத்தாங்க. டாக்டரு அதுல கண்ண வச்சுப் பாத்தாரு. அத வச்சுத்தான் கண்ணுன்னு சொல்லச் சொன்னேன். உள்ள காத்தடிச்சு வச்சிருக்காங்க. முந்தாநாள்லேருந்து எனக்கு ஒளு நிக்கல. நின்னா முறியும்னு தெரிஞ்சேதான் முன்ன நின்னேன். உங்க யாரு தொழுகையும் கூடல, திருப்பித் தொழணும்."

ஆதமுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. "தெரிஞ்சே எதுக்குண்ணே நின்னிய?" என்று மட்டும் கேட்டார்.

மைதீன் பாட்சா கபீரைப் பார்த்தார். "நான் நிக்கலன்னா இவன் நின்னுருவானேன்னுதான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மதுரையில் பச்சைச் சட்டையோடு படுத்திருந்தபோது மறைக்க அவருக்குச் சுவராவது இருந்தது. இங்கே ஒன்றும் இல்லை. மறுபடி வயிறு இரைந்தது, அது அவர்களுக்குக் கேட்டதா என்றுகூட அவர் யோசிக்கவில்லை.

கபீர் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குக் கோபம் இருந்ததா என்பது தெரியவில்லை. "நேரம் போகுது மாமா. நீங்க வீட்டுக்காரரு. நீங்க சொன்னாத்தான் யாரும் முன்ன நிக்க முடியும்" என்றான்.

"நில்லு மக்கா" என்றார் மைதீன் பாட்சா.

கபீர் நடந்துபோய், அவர் நின்ற இடத்தில் நின்றான். பின்னால் நாலு பேரும் தோளோடு தோள் சேர்ந்தார்கள். மைதீன் பாட்சா சுவரோரமாக ஒதுங்கி, ஒளு இல்லாத வெறும் ஆளாக, தரையில் உட்கார்ந்தார். கரண்ட் இன்னும் வரவில்லை. தறி ஒன்றும் ஓடவில்லை. கபீர் கையை உயர்த்திக் கட்டிக்கொண்டு ஓத ஆரம்பித்தான்.

எட்டு வருஷமாக ஒரே பள்ளிவாசலில் தொழுதும் மைதீன் பாட்சா அந்தக் குரலைக் கேட்டதில்லை. ஒவ்வொரு எழுத்தும் அதற்குரிய இடத்திலிருந்து, அவசரமில்லாமல், கனமாக வந்தது. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, நீட்டவேண்டிய இடத்தில் நீட்டினான். தான் ஓதினால் இதில் பாதி இருக்காது என்று அவருக்கு மூன்றாவது வசனத்திலேயே தெரிந்துபோனது. திரைக்குப் பின்னால் மைமூனம்மாள் மூக்கை உறிஞ்சினாள். ஹஜ்ரத் இந்தக் குரலைத்தான் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் அன்று அவரிடம் வந்து கேட்டிருக்கிறார். மைதீன் பாட்சா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, ஓதி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.